சிங்கியின் கணக்கு: குற்றாலக் குறவஞ்சியும் இடம்பெயர்ந்த குடும்பத்தில் பெண்ணின் வறுமையும்

ஆய்வுச்சுருக்கம்

உள்நாட்டு இடப்பெயர்வு பற்றிய சட்டங்களும் அறிக்கைகளும் குடும்பத்தை ஒற்றை அலகாகக் கொள்கின்றன. அக்குடும்பத்துக்குள் ஈட்டுபவர் யார், ஈட்டியதற்கு விளக்கம் சொல்லும் கடப்பாடு யார்மேல் விழுகிறது என்னும் வினாக்கள் இதனால் மறைந்துவிடுகின்றன. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் இடம்பெறும் சிங்கன் சிங்கி உரையாடலை அவ்வினாக்களின் இலக்கிய வடிவமாக இக்கட்டுரை வாசிக்கிறது. அவ்வாசிப்பின் துணையுடன் எரியும் பனிக்காடு நாவலையும், 2024இல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் நிலையையும் நோக்குகிறது.

திறவுச்சொற்கள்: குறவஞ்சி, திரிகூடராசப்பக் கவிராயர், உள்நாட்டு இடப்பெயர்வு, பெண் உழைப்பு, தோட்டத் தொழிலாளர், மாஞ்சோலை

1. முன்னுரை

ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமை ஆணையத்தின்முன் 1998இல் வைக்கப்பட்ட உள்நாட்டு இடப்பெயர்வு குறித்த வழிகாட்டு நெறிகள் 30 கூறுகளைக் கொண்டவை. போர், கலவரம், இயற்கைப் பேரிடர் ஆகியவற்றோடு, பொதுநலனால் நியாயப்படுத்த இயலாத பெருந்திட்டங்களால் நிகழும் வெளியேற்றத்தையும் அவை கருத்தில் கொள்கின்றன. குடும்பத் தலைமையைத் தாங்கும் பெண்களுக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்று 4ஆம் நெறியும், உதவிப் பொருள்களைத் திட்டமிடுவதிலும் பகிர்ந்தளிப்பதிலும் பெண்கள் முழுமையாகப் பங்கேற்க வேண்டும் என்று 18ஆம் நெறியும், ஆவணங்களைத் தம் பெயரிலேயே பெறும் உரிமை பெண்களுக்கு உண்டு என்று 20ஆம் நெறியும் கூறுகின்றன. இடம்பெயர்ந்த குடும்பத்தின் வறுமை எல்லா உறுப்பினர்மீதும் ஒரே அளவில் இறங்குவதில்லை என்னும் அறிதல் இம்மூன்றுக்கும் அடிப்படையாக உள்ளது.

தமிழில் இவ்வறிதலுக்கான கலைச்சொற்கள் பெரிதும் ஈழத்திலிருந்தே வந்தன. 'பெண் தலைமைத்துவக் குடும்பம்' என்னும் தொடர் இலங்கையின் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் அரசு அலுவலகம் முதல் சிற்றூர் வரை வழங்கும் சொல்லாயிற்று. தமிழகத்தில் அத்தகைய பொதுச்சொல் வேரூன்றவில்லை. இங்கு நிகழும் இடப்பெயர்வு பெரும்பாலும் பிழைப்புத் தேடல், வேலைக்குப் போதல், தோட்டத்துக்கு ஆள் போதல் என்னும் சொற்களுக்குள் அடங்கிவிடுவது இதற்கு ஒரு காரணமாகலாம். அச்சொற்களில் போகிறவருடைய விருப்பம் தொனிக்கிறது. போகாமல் இருந்திருக்க வழி இருந்ததா என்ற கேள்வி தொனிப்பதில்லை.

தென்காசியும் குற்றாலமும் இவ்வகைப் பெயர்வின் பழைய வாயில்கள். ஆரியங்காவுக் கணவாய் இப்பகுதியைத் திருவிதாங்கூருடன் இணைத்தது. நெல்லைச் சீமையின் மானாவாரி ஊர்களிலிருந்து ஆனைமலைக்கும், திருவிதாங்கூர் மலைத்தோட்டங்களுக்கும், கடல் கடந்து இலங்கைக்கும் ஆட்கள் கொண்டுசெல்லப்பட்டனர். அந்த வரலாறு தொடங்குவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, குற்றாலத்தில் எழுந்த ஒரு நூல், ஊர்ஊராக நடந்து ஈட்டி மீளும் பெண் ஒருத்தியையும் அவள் ஈட்டியதைக் கண்டு மருளும் கணவன் ஒருவனையும் தெருவில் எதிரெதிரே நிறுத்தியது. அக்காட்சியிலிருந்து தொடங்குவது பொருத்தமானது.

2. வாசிப்பின் எல்லை

குறத்தியை இடம்பெயர்ந்தவள் என்று கொள்ளலாமா என்ற மறுப்பு உடனே எழும். குறி சொல்லல் அவளுக்குக் குலத்தொழில்; சுற்றித் திரிதல் அத்தொழிலின் இயல்பு; குறுந்தொகையிலேயே அகவன்மகள் உண்டு. மேலும் குறவஞ்சி என்பது வேந்தரையும் இறைவரையும் பாட்டுடைத் தலைவராகக் கொண்ட சிற்றிலக்கியம். மலைக்குடிகளின் வாழ்வை அறிவதற்கு அதனை நேர்ச் சான்றாகக் கொள்ள இயலாது. மேலகரத்துப் புலவர் ஒருவர் கோயிலையும் அரசவையையும் மனத்திற்கொண்டு படைத்த குறத்தி அவள்.

மறுப்பின் பிற்பகுதி முழுவதும் ஏற்கத்தக்கதே. கவிராயரின் பாட்டைக் கொண்டு 18ஆம் நூற்றாண்டுக் குறவர் வருவாயை எவரும் கணக்கிட முடியாது. இந்நூலைப் பாராட்டி மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் (ஆட்சி 1706–1732) கவிராயருக்கு நிலம் வழங்கினார். அந்நிலம் குறவஞ்சி மேடு என்று பெயர்பெற்றது. நிலமற்ற ஒருத்தியின் பேச்சைப் பாடியதற்குப் புலவருக்கு நிலம் கிடைத்தது என்பது இலக்கிய வரலாறுகள் புன்னகையின்றிக் கடந்துசெல்லும் செய்தி. யாருக்காக, யாரால் இப்பேச்சு எழுதப்பட்டது என்பதை அச்செய்தி மறக்கவிடாது.

மறுப்பின் முற்பகுதி அவ்வளவு உறுதியானதன்று. நூலின் குறத்தி வேரற்ற நாடோடியாகப் பேசுவதில்லை. வசந்தவல்லி கேட்டதும் அவள் முதலில் சொல்வது தன் மலையின் வளம். திரிகூட மலையை 'எங்கள் மலை' என்று உடைமைச் சொல்லால் சுட்டி, அருவியையும் வானரங்களையும் கிழங்கு அகழ்ந்து தேனெடுக்கும் தன் குடியின் வாழ்வையும் விரிக்கிறாள். இத்தனை வளம் உள்ள மலையை விட்டு இவள் ஏன் ஊர்த்தெருவில் நிற்கிறாள் என்று நூலில் யாரும் கேட்பதில்லை. பாடல்களின் ஓசையிலும் குற்றாலத்தின் எழிலிலும் தோய்ந்த ரசனைத் திறனாய்வும் இக்கேள்வியைப் பெரிதும் எழுப்பியதில்லை. மலைவளத்துக்கும் தெருவுக்கும் இடையே சொல்லப்படாத ஒரு காரணம் இருக்கிறது. குலத்தொழில் என்ற விடை அவ்விடைவெளியை மூடப் போதுமானதாக இல்லை என்பதற்கு நூலே சான்று தருகிறது.

3. கஞ்சியும் சிலம்பும்

குறி சொல்லத் தொடங்குமுன் குறத்தி தன் திறத்தை முழங்குகிறாள்: எக்குறியும் சொல்வேன், எதிர்ப்போரை வெல்வேன், மன்னரும் மெச்சும் குறவஞ்சி நான் என்கிறாள். அதே மூச்சில் வயிற்றுக்குக் கஞ்சி கேட்கிறாள். கஞ்சி இல்லையாயின் கூழேனும் கொண்டுவரச் சொல்கிறாள். பெரிய குடுக்கை நிரம்பக் குடிப்பேன் என்கிறாள். பின்னர் வெற்றிலையும் பாக்கும், கப்பலில் வந்த சீனச் சரக்கில் ஒரு கிள்ளும் வேண்டுகிறாள்.

இப்பகுதி வழக்கமாக நகைச்சுவையாக வாசிக்கப்படுகிறது. நகைச்சுவை இருப்பது உண்மையே. ஆயினும் இதே பெண் நூலின் இறுதியில் கால்விரல் முதல் கழுத்து வரை அணி பூண்டு நிற்கிறாள். அவ்வணிகலன்களுட் பல முன்னரே பிற நாடுகளில் பெற்றவை என்று அவளே கூறுகிறாள். அவ்வாறாயின் கஞ்சி கேட்கும்போதும் அவை அவள் உடலில் இருந்தன. சிலம்பு அணிந்த காலுடன் ஒருத்தி கூழ் கேட்கிறாள்.

இம்முரணைப் புலவரின் கவனக்குறைவு என்று தள்ளிவிடலாம்; குறவஞ்சிக் கூறுகள் தனித்தனியே மரபால் அமைந்தவை, அவற்றுக்கிடையே நாவலுக்குரிய ஒத்திசைவைத் தேடுவது தவறு என்றும் சொல்லலாம். ஆனால் இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களின் பொருளியலை அறிந்தவர்க்கு இதில் முரணே தோன்றாது. நிலமும் வீடும் நிலையான பெட்டகமும் இல்லாதவர்க்குச் சேமிப்பு உடலில்தான் இருக்க முடியும். விற்கத் தயங்கும் அணியும் அன்றன்று நிரம்ப வேண்டிய வயிறும் ஒரே பெண்ணிடம் இருப்பது அவர்கள் வாழ்வில் அன்றாடச் செய்தி. முகாமுக்கோ தோட்டத்துக்கோ செல்லும் பெண்ணிடம் கடைசியாக எஞ்சுவது காதிலும் கழுத்திலும் கிடக்கும் பொன். முதலில் அடகுக்குப் போவதும் அதுவே. வறியவள் என்று அவளை ஏற்க மறுப்போர் சுட்டுவதும் அதே பொன்னைத்தான். அணிகலனைச் செல்வத்தின் அடையாளமாக மட்டும் பார்க்கும் கண்ணுக்கு இவளுடைய பசி நடிப்பாகத் தெரியும். நூலுக்குள் அக்கண் சிங்கனுடையது.

4. சிங்கனின் விசாரணை

பள்ளி, கல்லூரிப் பாடநூல்களால் நன்கறியப்பட்ட பகுதி இது. நூவனோடு பறவை பிடிக்க வந்த சிங்கன், கோயிலுக்கு உரிய வயல்களில் மேயும் பறவைகளுக்குக் கண்ணி வைக்கிறான். அவன் மனம் சிங்கியிடம் இருக்க, பறவைகள் தப்பிவிடுகின்றன. அவன் அவளைத் தேடி அலைந்து குற்றாலத் தெருவில் காண்கிறான். கண்டதும் கேட்கும் முதல் வினா, இத்தனை நாளாகத் தன்னிடம் சொல்லாமல் எங்கே போனாள் என்பது. பெண்களுக்குக் குறி சொல்லப் போனதாக அவள் விடையிறுக்கிறாள். அடுத்து அவன் கண் அவள் உடலில் உள்ள ஒவ்வோர் அணியின் மீதும் செல்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வினா.

வினாக்களின் சொல்லாட்சி தனிக் கவனத்துக்குரியது. சிங்கனுக்குச் சிலம்பு சிலம்பாகத் தெரியவில்லை, காலைக் கடித்துக் கிடக்கும் விரியனாகத் தெரிகிறது. பாடகம் நாங்கூழாகவும், கெச்சம் செத்த தவளையாகவும், விரல் அணி சுருண்ட பூச்சியாகவும், அரைஞாண் சாரைப்பாம்பாகவும், முத்தாரம் கொப்புளமாகவும் தோன்றுகின்றன. அவனிடம் இருக்கும் சொற்கள் எல்லாம் மலையும் காடும் வயலும் தந்தவை. சிங்கியின் விடைகளோ ஊர்ப்பெயர்களாலும் அணிப்பெயர்களாலும் ஆனவை. சிலம்பு சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்றது, பாடகம் பாண்டியன் மகள் தந்தது, கெச்சம் குற்றாலர் சந்நிதிப் பெண்கள் அணிவித்தது, கால்விரல் ஆழி கண்டி நாட்டில் பெற்றது, சேலை நெல்வேலியார் கொடுத்தது, அரைஞாண் சோழன் மகள் தந்தது, முத்தாரம் காயலாருடையது, கழுத்துச் சவடி குட்ட நாட்டாரும் காயங்குளத்தாரும் இட்டது.

இவ்வுரையாடலில் ஒரு குடும்பத்தின் மொழி பால்வழி இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. வெளியே சென்று உழைத்தவள் புதிய உலகின் சொற்களைக் கற்றுவிட்டாள். அவளுடைய வருவாயில் பங்குகொள்ளும் உரிமையுடையவன் அச்சொற்களை அறியான். அறியாததை அவன் நச்சுயிரியாகவும் நோயாகவும் புழுவாகவும் பெயரிடுகிறான். பார்த்தால் வியப்பாக இருக்கிறது, சொல்ல அச்சமாக இருக்கிறது என்று அவன் முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறான். அஞ்சாமல் சொல்லும்படி அவள் ஊக்குகிறாள். இவ்விடத்தில் கவிராயரின் நகைச்சுவை மிக நுட்பமானது. ஐயம் வெளிப்படையாகச் சொல்லப்படுவதே இல்லை. உவமையின் கூச்சமான வடிவில்தான் அது வருகிறது. உடலில் ஏறியுள்ள ஒவ்வொரு புதுப் பொருளும் யாரோ தொட்டதன் தடமாக அவனுக்குப் படுகிறது.

விடைகளில் இன்னொரு செய்தி பொதிந்துள்ளது. பாண்டியன் மகள், சோழன் மகள், சந்நிதிப் பெண்கள் என்று தந்தவராகச் சுட்டப்படுவோரிற் பலர் பெண்கள். குறி கேட்போரும் பெண்களே. குறத்தியின் வருவாய், ஆடவர் நுழைய இயலாத உள்வீடுகளில் பெண்களுக்கிடையே நிகழும் பரிமாற்றத்திலிருந்து கிடைக்கிறது. காதல், மகப்பேறு, பிரிந்த கணவன் வருகை முதலான அச்சங்களுக்கு ஆறுதல் சொல்வது அவளுடைய தொழில். இன்றைய சொல்லில் பராமரிப்புழைப்பு எனப்படும் வகையைச் சேர்ந்தது அது. கண்ணியில் பறவை விழுந்தால் எல்லார் கண்ணுக்கும் தெரியும். உள்வீட்டில் சொல்லிய ஆறுதல் தெரியாது; அதற்குக் கிடைத்த சிலம்பு மட்டும் தெரியும். உழைப்பு மறைந்து ஊதியம் மட்டும் புலப்படும்போது ஐயம் எழுவது எளிது. வீட்டுவேலைக்கு நகரம் சென்று மீளும் பெண்கள் இன்றும் ஊரில் எதிர்கொள்ளும் பார்வை இதே அமைப்புடையது.

சிங்கியின் நிலவரைபடமும் கருதத்தக்கது. சேலம், காயல், காயங்குளம், கண்டி என அவள் சொல்லும் திசைகளுள் சில, பிற்காலத்தில் இதே சீமையின் வறியோர் சென்ற திசைகள். அவள் காலாழி பெற்றதாகச் சொல்லும் கண்டி நாட்டில் 19ஆம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்கள் எழுந்தபோது தமிழ் மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் கொண்டுசெல்லப்பட்டனர். இதனைத் தீர்க்கதரிசனமாகக் கொள்வது பொருந்தாது. குற்றாலம் நின்றிருந்த வணிக, வழிப்போக்கு வலையின் பழமையை மட்டுமே இது காட்டுகிறது. வேறுபாடு ஒன்று உண்டு: சிங்கி தனியே சென்றாள், தானே பெற்றாள், தானே மீண்டாள். தோட்டத்துக்குப் போனவர்களுக்கு இம்மூன்றும் வாய்க்கவில்லை.

சிங்கன் இத்தனை நாளில் ஈட்டியது என்ன என்று சிங்கி கேட்கவில்லை. அவன் கண்ணியிலிருந்து பறவைகள் தப்பியது படிப்பவர் அறிந்தது. கணக்குக் கேட்கும் உரிமை ஒருவழிப்பட்டதாக இருப்பதை நூல் குறையாகக் காட்டவில்லை. உரையாடல் ஊடலாகவும் காமமாகவும் கனிந்து வாழ்த்தில் முடிகிறது. அவ்விருவரும் மலைக்குத் திரும்பியதாகப் பாட்டில் இல்லை.

5. மேஸ்திரியின் பேரேடு

தோட்டத்தில் கணக்குக் கேட்பவர் மாறுகிறார். பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளிவந்த நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் எரியும் பனிக்காடு என 2007இல் தமிழுக்கு வந்தது. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றித் தொழிற்சங்கமும் கட்டிய ஒருவரின் நேரறிவு அதன் அடித்தளம். நெல்லைச் சீமையின் மயிலோடை என்னும் ஊரிலிருந்து கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் முன்பணத்தை நம்பி வால்பாறைப் பகுதிக்குச் செல்கின்றனர். வாங்கிய முன்பணம், வழிச்செலவு, கம்பளி, அரிசி என்று பற்று எழுதப்படும் பேரேடு ஒருபோதும் நேராவதில்லை. 1903ஆம் ஆண்டின் சென்னைத் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தத்தை மீறிச் சென்ற தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப வழிசெய்திருந்தது என்பதையும் சேர்த்து நோக்கினால், அக்கணக்கின் வலிமை புரியும்.

நாவலின் சிறப்பு, அது கணவன் மனைவி இருவரையும் முதன்மைப் பாத்திரங்களாக மலைக்கு அனுப்பியதில் உள்ளது. இருவரும் வேலை செய்கின்றனர். பெண்ணுக்குக் கூலி குறைவு. கடன் இருவருக்கும் பொது. அடக்குமுறை பொதுவாக இருக்க, துரைகளும் கணக்கர்களும் மேஸ்திரிகளும் நடத்தும் பாலியல் அத்துமீறல் பெண்மீது மட்டும் கூடுதலாக விழுகிறது. அதை வெளியே சொன்னால் கணவனின் வேலை போகும் அல்லது உயிர் போகும். சொல்லாவிடில் கணவனின் ஐயம் வளரும். சிங்கனின் வினா இங்கே மீண்டும் வருகிறது. ஆனால் இங்கு உவமைக்கோ நகைப்புக்கோ இடமில்லை. தான் பெற்ற ஒவ்வொன்றுக்கும் ஊரும் தந்தவர் பெயரும் சொல்லத் தெரிந்த சிங்கியின் நாவன்மைக்குத் தோட்டத்தில் பயனும் இல்லை, ஏனெனில் கணக்கு எழுதப்பட்ட ஏடு மேஸ்திரியின் கையில் இருக்கிறது.

இந்நாவலைத் தழுவி 2013இல் வெளிவந்த பாலாவின் பரதேசி திரைப்படம் செய்த மாற்றம் திறனாய்வு நோக்கில் முதன்மையானது. நாவலில் இணையாகச் சென்ற தம்பதியர் இடத்தில் திரைப்படம் ஓர் ஆடவனைத் தனியே அனுப்புகிறது. காதலி அங்கம்மாள் ஊரில் காத்திருக்கிறாள். இறுதிக் காட்சியில் அவள் குழந்தையுடன் தோட்டத்துக்கு வந்து சேர்வது பேரவலமாக அமைகிறது. பார்வையாளர் நெஞ்சை உலுக்கும் காட்சி அது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வவலம் ஆடவனின் கண்வழியே நிகழ்கிறது. பெண் அங்கே உழைப்பாளியாக இல்லாமல் ஆடவனின் இழப்பாகவே வந்து சேர்கிறாள். கணவனால் கைவிடப்பட்டுக் குழந்தையுடன் தோட்டத்துக்குச் சென்று நோயில் மடியும் மரகதம் என்னும் துணைப் பாத்திரத்திலேயே நாவலின் பெண்ணுலகம் ஓரளவு எஞ்சியுள்ளது. கைவிடப்பட்டவள் தனியொரு குடும்பமாகக் கணக்கிடப்பட வேண்டியவள். இக்கருத்தைப் படம் உரக்கச் சொல்லவில்லை. அப்பாத்திரம் இருப்பதே அதைச் சொல்கிறது.

6. மாஞ்சோலையும் 'குடும்பம்' என்னும் சொல்லும்

தென்காசிக்குத் தெற்கே, இன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் மணிமுத்தாற்று மலைகளில், சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பம்பாய் பர்மா வர்த்தகக் கழகம் 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு ஏறத்தாழ 8,373 ஏக்கர் காட்டைப் பெற்றது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எனத் தோட்டக் குடியிருப்புகள் எழுந்தன. நெல்லைச் சீமையிலிருந்தும் கேரளத்திலிருந்தும் கொண்டுவரப்பட்ட குடும்பங்கள் தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தன. 1999 ஜூலை 23 அன்று, கூலி உயர்வையும் சிறையிலிருந்த தோட்டத் தொழிலாளரின் விடுதலையையும் கோரித் திருநெல்வேலியில் நடந்த பேரணியில், காவல்துறைத் தடியடியை அடுத்துத் தாமிரபரணி ஆற்றில் பெண்களும் ஒரு குழந்தையும் உட்பட 17 பேர் மாண்டனர். ஆர். ஆர். சீனிவாசனின் நதியின் மரணம் என்னும் ஆவணப்படமும், மாரி செல்வராஜின் தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள் என்னும் தொகுப்பும் அந்நிகழ்வின் நினைவைத் தாங்கியுள்ளன.

குத்தகை 2028இல் முடியவிருந்த நிலையில், 2024இல் நிறுவனம் விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்து வேலையை நிறுத்தியது. வீடுகளும் நிறுவனத்துடையவை. எனவே வேலை நீங்கியதும் வீடும் நீங்கியது. தோட்டத்தை அரசின் டான்டீ நிறுவனம் ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 டிசம்பரில் ஏற்கவில்லை. புலிகள் காப்பகத்துக்குள் தேயிலைத் தோட்டம் தொடர்வது காட்டுக்கு நல்லதா என்பது நேர்மையான வினா. அதற்கு 'தொடரலாம்' என்று எளிதில் விடை சொல்லிவிட முடியாது. காட்டுக்கு நீதி கிடைக்கும்போது அதன் விலையை யார் செலுத்துகிறார் என்பதே இக்கட்டுரைக்கு உரிய வினா.

கொழுந்து பறித்தல் பெரும்பாலும் பெண்களின் வேலை. ஆகவே தோட்டம் மூடப்படும்போது சமவெளிக்கு எடுத்துச்செல்ல முடியாத திறன் ஒன்று முதன்மையாகப் பெண்களிடமிருந்து பறிபோகிறது. தோட்ட வேலையுடன் பிள்ளைக் காப்பகம், மருத்துவமனை, வீடு ஆகியவற்றை 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் பிணைத்திருந்தது. அவை நீங்கும்போது பிள்ளை, நோயாளி, முதியோர் ஆகியோரைப் பேணும் வேலை கூலியின்றி மீண்டும் அதே பெண்ணிடம் வந்து சேர்கிறது. தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கத்தில் அவளுக்குத் திறந்திருக்கும் வேலைகள் வயற்கூலி, பீடி சுற்றுதல், ஊரக வேலைத்திட்டம் போன்றவை. இவற்றுள் பீடி சுற்றுவது வீட்டுக்குள் நடப்பது. குறத்தியின் உழைப்பைப் போலவே கண்ணுக்குத் தெரியாதது. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டமோ 100 நாள் வேலையைக் குடும்பத்துக்கே வகுத்தது, பெண்ணுக்கென்று தனியே வகுக்கவில்லை.

'குடும்பம்' என்னும் சொல்லைச் சட்டங்கள் வரையறுக்கும் விதத்தில்தான் சிங்கனின் கேள்வி இன்று ஒளிந்துள்ளது. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறை, ஆண் தொழிலாளியாயின் அவரைச் சார்ந்து வாழும் பெற்றோரையும் குடும்பத்தில் சேர்த்தது. பெண் தொழிலாளியின் பெற்றோருக்கு அவ்விடம் இல்லை. 2010இல் திருத்தம் வரும்வரை, வாழ்நாள் முழுதும் கொழுந்து பறித்த பெண் தன் தாயைத் தோட்ட மருத்துவமனைக்குத் தன் குடும்பத்தவளாக அழைத்துச்செல்லும் உரிமையைச் சட்டம் தரவில்லை. மாமியாருக்கு அவ்வுரிமை உண்டு, கணவனும் தொழிலாளியாக இருந்தால். இதற்கு மாறாக 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், மணமானவர்க்கு உரிமைப் பட்டாவைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் தர வேண்டும் என்றது. தென்காசி மலையடிவாரப் பளியர் போன்ற பழங்குடியினருக்கு, 'எங்கள் மலை' என்று சொல்லும் வாய்ப்பைப் பெண்ணுக்கும் எழுத்தில் அளித்த முதற் சட்டம் அது எனலாம். 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் கைம்பெண்களையும் மணவிலக்குப் பெற்றவர்களையும் கைவிடப்பட்டவர்களையும் தனிக்குடும்பமாகக் கொள்ளச் சொல்கிறது. மரகதத்துக்கு அங்கே இடமுண்டு. ஆனால் மாஞ்சோலையில் நிலம் எடுக்கப்படவில்லை, குத்தகை நிலத்தில் வேலைதான் நின்றது. நிலம் இழந்தவர்க்கு எழுதப்பட்ட வரையறை, இழப்பதற்கு நிலமே இல்லாதவரை எட்டுவதில்லை. அவர்கள் கையில் வருவது ஓய்வூதியத் தீர்வும் பணிக்கொடையும். அவை தொழிலாளியின் பெயரில் வருவதால், பறிப்பில் நின்ற பெண்ணின் பெயரிலும் ஒரு தொகை வருகிறது. அத்தொகை மகளின் திருமணத்துக்கா, வீட்டு வாடகைக்கா, கணவனின் கடனுக்கா என்று முடிவெடுப்பவர் யார் என்பது எந்தப் பட்டியலிலும் பதிவாவதில்லை. பெண் ஈட்டிய பொன்னுக்கு விளக்கம் கேட்கப்பட்ட அதே தெருவில் இத்தொகைக்கும் விளக்கம் கேட்கப்படும்.

தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1,000 ரூபாயைக் குடும்பத் தலைவிக்கு வழங்குகிறது. குடும்பத்தின் தலைமைக்குப் பெண்ணை அரசு ஆவணத்தில் எழுதியது அதன் தனிச்சிறப்பு. அத்தலைவி யார் என்பதைக் குடும்ப அட்டை தீர்மானிக்கிறது; அட்டை ஒரு முகவரியிலும் ஒரு நியாயவிலைக் கடையிலும் பதிந்துள்ளது. கம்பெனி வீட்டின் முகவரி இல்லாமற்போன பின், வாடகை வீட்டுக்காரரின் ஒப்புதலோ மின்கட்டண ரசீதோ தேடி வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடப்பது பெரும்பாலும் பெண்ணின் பொறுப்பாகிறது. இத்தனை நாளாய் எங்கே இருந்தாய் என்ற வினாவை இம்முறை கேட்பது ஒரு விண்ணப்பப் படிவம்; அதற்கு அவள் ஊர்ப்பெயர் எழுத வேண்டிய கட்டத்தில், மாஞ்சோலை என்று எழுதினால் ஏற்கப்படாது.